எடுக்கும் முன் ஒரு சொல்

தெய்வத்தைக் குழந்தையாகப் பாவித்துப் பாடுவது தமிழுக்கு மிகப் பழைய வழக்கம். பெரியாழ்வார் தம்மை யசோதையாக்கிக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார், நீராட அழைத்தார், பூச்சூட்டினார். குமரகுருபர சுவாமிகள் மதுரை மீனாட்சியம்மையைச் சிறு குழந்தையாகக் கண்டு பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று தொடரும் பத்துப் பருவங்களைக் கொண்டது பிள்ளைத்தமிழ். 3-ஆம் மாதத்தில் தொடங்கி 21-ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதங்கள்தோறும் ஒரு பருவமாக இவற்றை வகுத்துக் கூறும் மரபும் உண்டு.

இரண்டு வயது நிரம்பாத ஒரு சிசுவின் வாழ்வில் பாடுவதற்குப் பத்துப் பருவங்கள் இருக்கின்றன என்று கண்டவர்கள், அச்சிசுவின் அருகில் பொறுமையோடு அமர்ந்து பார்த்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தி அசைவது ஒரு பருவம். இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது ஒரு பருவம். தளர்நடையிட்டு வருவது ஒரு பருவம். இன்று நம் பேரக்குழந்தைகளில் பலர் இப்பருவங்களை வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் காப்பகத்தில் கடக்கிறார்கள். அங்கே அவர்கள் அருகில் அவ்வாறு அமர்ந்து பார்ப்பவர் யார்? இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்ளும் பொருள் இதுவே.

பிரதோஷ வழிபாடு முடிந்து பிராகாரத்தில் சற்றே அமரும் வேளையில், பணி ஓய்வு பெற்ற நம் போன்றோரிடையே இப்பேச்சு அடிக்கடி எழுகிறது. "ஆறு மாதக் குழந்தையைக் கொண்டுபோய் விடுகிறார்களே, இது தகுமா?" என்று ஒருவர் வருந்துவார். "மருமகள் வேலையை விட்டுவிட்டால் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணையை யார் கட்டுவது?" என்று மற்றொருவர் கேட்பார். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் இந்த வாதம் எத்தனை நாள் நடந்தாலும் குழந்தைக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.

நடைமுறை இதுதான். 2017-ஆம் ஆண்டில் பேறுகாலப் பயன் சட்டம் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கான ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்துவர அனுமதிக்கவேண்டும் என்றும் அத்திருத்தம் கூறியது. 26 வாரம் என்பது ஆறு மாதம். அதாவது, செங்கீரைப் பருவம் தாண்டித் தாலாட்டுப் பருவம் வருவதற்குள் தாயின் விடுப்பு முடிந்துவிடுகிறது. அதன்பின் தாத்தாவோ, பாட்டியோ, வீட்டுக்கு வரும் ஆயாவோ, காப்பகமோ அக்குழந்தையை ஏற்றுக்கொள்கின்றனர். ஆகவே, விடலாமா கூடாதா என்ற கேள்வியைக் காட்டிலும், ஏற்றுக்கொள்ளும் கைகள் எப்படிப்பட்டவையாக இருக்கவேண்டும் என்ற கேள்வியே முதியவர்களாகிய நாம் உதவக்கூடிய கேள்வி.

பூந்தொட்டியும் கணக்கேடும்

வங்கிக் கிளை ஒன்றைத் தணிக்கை செய்யச் செல்லும் அதிகாரி, வாயிலில் உள்ள பூந்தொட்டியையும் புதிய நாற்காலிகளையும் கொண்டு அக்கிளையை எடைபோடமாட்டார். ரொக்க இருப்பைச் சரிபார்ப்பார்; வவுச்சர்களைப் புரட்டுவார். காப்பகங்களின் விளம்பரத் தாள்களைப் பார்க்கும்போது எனக்குப் பூந்தொட்டியே நினைவுக்கு வருகிறது. குளிர்சாதன அறை, சுவரெங்கும் வண்ணச் சித்திரங்கள், ஒன்றரை வயதிலேயே ஆங்கிலப் பாட்டு, அலுவலகத்தில் இருந்தபடி கைப்பேசியில் பார்க்கக் கேமரா. இவற்றில் தீங்கு இல்லை. ஆனால் பத்து மாதக் குழந்தைக்குச் சுவர்ச் சித்திரம் ஒரு பொருட்டன்று. அதன் உலகம் ஒரு முகமும், ஒரு குரலும், இரண்டு கைகளுமே.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று எவரேனும் எண்ணக்கூடும். இதற்கு மிகத் துயரமான சான்று ஒன்று உண்டு. வியன்னாவில் பிறந்த ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மனநல மருத்துவர், 1945-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இரண்டு இடங்களை ஒப்பிட்டார். ஒன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். அங்கே தூய்மை இருந்தது. போதிய உணவு இருந்தது. மருத்துவக் கவனிப்பும் இருந்தது. ஆனால் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு செவிலி. நோய் தொற்றாமல் இருக்கத் தொட்டில்களின் பக்கங்களில் துணி தொங்கவிடப்பட்டிருந்ததால், குழந்தைகளுக்குத் தெரிந்ததெல்லாம் மேற்கூரை ஒன்றே. மற்றொன்று, ஒரு சிறைச்சாலையின் குழந்தைகள் பிரிவு. அங்கே தண்டனை பெற்ற பெண்கள் தத்தம் குழந்தைகளைத் தாமே பாலூட்டி வளர்த்தார்கள். தூய்மையான இல்லத்தில் இருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்தனர். சிறைச்சாலைக் குழந்தைகளில் ஒருவரும் இறக்கவில்லை.

அந்த இல்லம் இரவும் பகலும் குழந்தைகள் தங்கிய இடம்; மாலையில் தாயிடம் திரும்பும் இன்றைய காப்பகத்தை அதனோடு சமமாக வைப்பது தகாது. எனினும் அது கற்பித்த பாடம் பொதுவானது. உணவும் சுத்தமும் குழந்தைக்கு இன்றியமையாதவை. அவை மட்டும் போதமாட்டா. தன்னை ஏறெடுத்துப் பார்க்கும் ஒருவர் அதற்கு வேண்டும்.

புடாபெஸ்ட் நகரில் ஒரு வீடு

அப்படியானால் தாய் இல்லாத இடத்தில் நல்ல வளர்ப்பே இயலாதா? இயலும் என்று காட்டியவர் எம்மி பிக்லர் என்னும் குழந்தை மருத்துவர். 1902-இல் பிறந்து 1984-இல் மறைந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில், லோட்சி என்னும் தெருவில் ஆதரவற்ற சிசுக்களுக்கான இல்லம் ஒன்றை அவர் தொடங்கினார். அத்தெருவின் பெயராலேயே அவ்வில்லம் உலகெங்கும் அறியப்படலாயிற்று.

அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாக ஒரு குறிப்பிட்ட பணிப்பெண் இருந்தாள். குழந்தையைத் தூக்குமுன் அவள் அதன் கண்ணில் படும்படி வந்து நிற்பாள். "உன்னை இப்போது எடுக்கப் போகிறேன்" என்று சொல்வாள். கைகளை நீட்டிச் சற்றுப் பொறுப்பாள். அதன் பிறகே எடுப்பாள். துணி மாற்றும்போது, "இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கு" என்று கேட்டு, அது தூக்கும்வரை காத்திருப்பாள். ஊட்டும்போது கரண்டி வாயருகே நிற்கும். வாய் தானாகத் திறந்தால்தான் உள்ளே செல்லும். உணவூட்டும் வரிசை நாள்தோறும் மாறாது. அதனால் இவனுக்குப் பின் தன் முறை வரும் என்பது பேசத் தெரியாத குழந்தைக்கும் தெரிந்திருந்தது; அழாமல் காத்திருக்க முடிந்தது.

தானாக உட்காரத் தெரியாத குழந்தையைத் தலையணை வைத்து உட்காரச் செய்வதும், நடக்க முயலாத குழந்தையைக் கைபிடித்து நடத்துவதும் அங்கே வழக்கத்தில் இல்லை. பாதுகாப்பான தரையில் விட்டுவிட்டால், குப்புறக் கவிழ்வதும் தவழ்வதும் நிற்பதும் அதனதன் காலத்தில் தாமே வரும் என்பது பிக்லரின் உறுதியான கருத்து. நம் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களைப் போலவே, அவரும் காலத்தை அவசரப்படுத்தாமல் உற்றுநோக்கியவர். தாயற்ற இல்லங்களில் வழக்கமாகக் காணப்பட்ட வாட்டம் அங்கே வளர்ந்தவர்களிடம் காணப்படவில்லை என்று பின்னாளில் நடந்த ஆய்வுகள் கூறின. 2011-இல் அவ்வில்லம் மூடப்பட்டது. ஆனால் அதே இடத்தில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் அதே முறையில் தொடர்கிறது.

இவ்வழக்கத்தை நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. ஆலயத்தில் ஒரு நாள் எவ்வாறு நடக்கிறது? திருப்பள்ளியெழுச்சி, திருமஞ்சனம், அலங்காரம், நைவேத்தியம், இறுதியில் பள்ளியறை. ஒரு குழந்தையின் நாளும் இதே ஐந்துதான்: எழுப்புதல், குளிப்பாட்டுதல், உடுத்துதல், ஊட்டுதல், உறங்கவைத்தல். இவற்றை வேலையென்று எண்ணி விரைவாக முடித்துவிட்டு, அதன்பிறகு குழந்தைக்கு 'ஏதாவது கற்பிக்கலாம்' என்று நினைப்பது தலைகீழான கணக்கு. நாளெல்லாம் நடக்கும் இந்த ஐந்துமே அக்குழந்தைக்குப் பாடம். இவற்றின் ஊடாகவே அது மொழியைக் கேட்கிறது, நம்பக் கற்கிறது, தன் உடல் மதிக்கப்படுகிறது என்பதை உணர்கிறது. மனம் ஒன்றிச் செய்யும் திருமஞ்சனத்துக்கும், குழாயைத் திறந்துவிட்டு வேறெங்கோ பார்த்தபடி செய்வதற்கும் உள்ள வேற்றுமை பக்தர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும்.

ஒரு சிறு பெருக்கல் கணக்கு

ஆயாவுக்கு அன்பு இருந்தால் மட்டும் போதுமா? போதாது, நேரமும் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அவசரமின்றிச் சோறூட்டக் குறைந்தது இருபது நிமிடம் ஆகும். ஓர் ஆயாவிடம் மூன்று குழந்தைகள் இருந்தால் ஒரு மணி நேரம். ஆறு குழந்தைகள் இருந்தால் இரண்டு மணி நேரம். பத்துக் குழந்தைகள் இருந்தால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். பன்னிரண்டு மணிக்கு முதல் குழந்தை உண்ணத் தொடங்கினால், பத்தாவது குழந்தை உண்பது எப்போது? அப்படி எந்த ஆயாவும் செய்யமாட்டாள். ஒரே கிண்ணம், ஒரே கரண்டி, வரிசையாக வாய்கள், இடையிடையே தொலைக்காட்சி என்று ஆகிவிடும். இதில் அவள் குற்றம் ஏதுமில்லை, கணக்கு அப்படி.

இங்கிலாந்தில் இதைச் சட்டமே வரையறுக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்கவேண்டும். இரண்டு வயதுக் குழந்தைகளுக்கு முன்னர் நால்வருக்கு ஒருவர் என்று இருந்தது. 2023 செப்டம்பரிலிருந்து ஐவருக்கு ஒருவர் என்று தளர்த்தப்பட்டது. அந்த ஒரு குழந்தையின் வேற்றுமைக்கே அங்கு வாதப் பிரதிவாதம் நடந்தது. நாமோ காப்பகத்தில் கட்டணத்தைக் கேட்கிறோம். எத்தனை குழந்தைக்கு எத்தனை பேர் என்று கேட்பதில்லை.

எண்ணிக்கைக்கு அடுத்தது நிலைத்தன்மை. வங்கியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றல் வரும். வாடிக்கையாளர் புதிய அதிகாரியோடு பழகிக்கொள்வார். பத்து மாதக் குழந்தையால் அவ்வாறு இயலாது. அது ஒரு முகத்தை நம்பத் தொடங்கும்போது அந்த முகம் காணாமற் போனால், அதற்குக் காரணம் சொல்லவும் வழியில்லை. ஆயாக்கள் ஏன் அடிக்கடி மாறுகிறார்கள்? சம்பளம் குறைவு, ஓய்வு இல்லை, மரியாதையும் இல்லை. ஆகவே, "இங்கே ஆயா எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, அந்நிறுவனத்தின் உள்ளத்தையே காட்டிவிடும்.

ஆறுதலும் எச்சரிக்கையும்

தாய் வேலைக்குச் செல்வதால் குழந்தை கெட்டுவிடும் என்று அஞ்சும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும் ஆய்வு ஒன்று, பத்து இடங்களில் பிறந்த 1,364 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முழுவதும் தாயின் பராமரிப்பிலேயே இருந்த குழந்தைகளும், பிறர் பராமரிப்பிலும் இருந்த குழந்தைகளும் வளர்ச்சியில் வேறுபடவில்லை என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. நல்ல தரமான காப்பகத்தில் இருந்தவர்கள் மொழியிலும் அறிவுத்திறனிலும் சற்று மேம்பட்டிருந்தனர். வாரத்தில் மிக நீண்ட நேரம் காப்பகத்தில் கழித்தவர்களிடம் அடமும் முரட்டுத்தனமும் சற்றே கூடுதலாகக் காணப்பட்டன. இவை அனைத்தையும்விட, வீட்டுச் சூழலும் பெற்றோரின் அணுகுமுறையுமே குழந்தையின் வளர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. காப்பகம் சிறந்ததாக இருக்கவேண்டும். மாலையில் குழந்தை திரும்பிவரும் வீடும் சிறந்ததாக இருக்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

தாத்தா பாட்டி செய்யக்கூடியது

பிள்ளையும் மருமகளும் விடுப்பு எடுத்துக் காப்பகங்களைச் சுற்றிப் பார்ப்பது அரிது. நமக்கு நேரம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. அவர்களுக்காக நாம் சென்று பார்த்துவரலாம். காலை பத்து மணிக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும் வேளையில் போகவேண்டாம். நண்பகலில், சோறூட்டி உறங்கவைக்கும் வேளையில் சென்று அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். உள்ளே அமரக்கூடாது என்றால், அந்த விடையே போதும், திரும்பிவிடலாம்.

அமர்ந்தபின் ஐந்தைக் கவனியுங்கள். முதலாவது, குழந்தைகளை எண்ணுங்கள்; பெரியவர்களையும் எண்ணுங்கள். சமையற்காரரையும் வாயிற்காவலரையும் சேர்க்கவேண்டாம். இரண்டாவது, ஒரு குழந்தை அழும்போது எவர் திரும்பிப் பார்க்கிறார், எவ்வளவு நேரத்தில் எழுந்து வருகிறார் என்று பாருங்கள். மூன்றாவது, ஆயா குழந்தையைப் பின்னாலிருந்து சட்டென்று தூக்குகிறாரா, முன்னால் வந்து பேசிவிட்டுத் தூக்குகிறாரா என்று பாருங்கள். நான்காவது, துணி மாற்றியபின் சோப்பிட்டுக் கை கழுவுகிறாரா என்று பாருங்கள். ஐந்தாவது, உறங்கும் சிசுக்கள் முதுகு படியப் படுத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கச் செய்வது ஆபத்து என்று குழந்தை மருத்துவர்கள் 1990-களிலிருந்தே வலியுறுத்தி வருகின்றனர். தொலைக்காட்சி ஓடுகிறதா என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டியதில்லை. ஓடினால் காதிலேயே விழும்.

சேர்த்த முதல் வாரத்தில் குழந்தையை வாயிலில் விட்டுவிட்டு ஓடிவிடாமல், வீட்டார் ஒருவர் சில நாள் உடன் அமர்ந்திருப்பது நல்லது. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்கலாம். பெற்றோருக்கு விடுப்பு இல்லாதபோது இந்தக் கைங்கரியம் நம்முடையது. புறப்படும்போது மறைந்து செல்லாமல், "தாத்தா போய்விட்டு மாலையில் வருவேன்" என்று சொல்லிவிட்டுச் செல்லவேண்டும். அது அழும். அழட்டும். சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வருகிறார் என்பதை நான்கு நாளில் அது கண்டுகொள்ளும்.

வீட்டிலேயே நாம் குழந்தையைப் பார்த்துக்கொள்வதானாலும் இவ்வளவும் நமக்கும் பொருந்தும். கைப்பேசியில் பொம்மைப் படம் காட்டி ஊட்டினால் கிண்ணம் விரைவில் காலியாகும் என்பது பல வீடுகளின் அனுபவம். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதுக் குழந்தைக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. திரையைப் பார்த்துக்கொண்டு உண்ணும் குழந்தை ஊட்டுபவரைப் பார்ப்பதில்லை. மூட்டு வலியும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், நாள் முழுவதும் ஓடும் குழந்தையின் பின்னால் ஓட இயலாது என்பதைத் தம் பிள்ளைகளிடம் தயங்காமல் கூறிவிடவேண்டும். பாதி நாள் காப்பகமும் பாதி நாள் பாட்டியும் என்று பகிர்ந்துகொள்வதில் இழுக்கு ஒன்றும் இல்லை. களைத்துச் சினந்த எட்டு மணி நேரத்தைவிட, மனம் ஒன்றிய மூன்று மணி நேரம் குழந்தைக்கு நல்லது.

இறுதியாக ஒன்று. நம் வீட்டுக் குழந்தையைப் பகலெல்லாம் தூக்கிச் சுமக்கும் அந்தப் பெண்ணின் பெயர் நமக்குத் தெரியுமா? அவரது சம்பளம் எவ்வளவு, நண்பகலில் அவர் எப்போது உண்கிறார், தம் குழந்தையை எவரிடம் விட்டுவிட்டு வருகிறார்? அடுத்த முறை பேரனை அழைத்துவரச் செல்லும்போது இவற்றைக் கேளுங்கள். பொங்கலுக்கு ஒரு புடவை கொடுங்கள். காப்பக நிர்வாகியிடம் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். மதிக்கப்படும் ஆயா நிலைத்து இருப்பார். அவர் நிலைத்து இருப்பதே நம் குழந்தைக்கு நாம் தேடித்தரும் பாதுகாப்பு.

வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் இன்று மாலை ஒன்று செய்து பாருங்கள். அதை எடுக்குமுன் எதிரில் வந்து, கைகளை நீட்டி, "தூக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுங்கள். ஆறு மாதக் குழந்தையாக இருந்தாலும், சில நாள் பழகியபின், உங்களை நோக்கித் தோளை உயர்த்திக் கைகளை நீட்டும். அது தரும் விடையைப் பார்த்தபிறகு எடுங்கள்.